விடைக்குச் சாட்சி எந்த வரி? நுழைவுத் தேர்வுக்கான ஆங்கில வாசிப்புப் பயிற்சி

கேள்வி: "தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கணக்கும் அறிவியலும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்கும் பகுதியில்தான் மதிப்பெண் போகிறது. படிக்கும்போது புரிகிற மாதிரி இருக்கிறது. விடையைச் சரிபார்த்தால் பாதி தப்பு. நேரமும் போதவில்லை. தினம் எத்தனை பத்தி போட்டுப் பார்க்க வேண்டும்? எந்தச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டும்?"

நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி "புரிகிற மாதிரி இருக்கிறது" என்பதுதான். புரிவது வேறு, புரிகிற மாதிரி இருப்பது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் பாதி மதிப்பெண் விழுந்து கிடக்கிறது. எத்தனை பத்தி, எந்தப் பட்டியல் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

இந்தத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு பல வருடம் உட்கார்ந்து பத்தி பத்தியாகப் படித்திருக்கிறேன். தப்பான விடையைக் குறித்தவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "இந்த விடையை எந்த வரி சொல்கிறது? விரலை வைத்துக் காட்டுங்கள்." பெரும்பாலும் விரல் தாளின் மேல் அலையும், எங்கேயும் நிற்காது. "பத்தி முழுக்க அப்படித்தானே சொல்லுது" என்பார்கள். பத்தியின் வாசனையை மோந்து, அதே வாசனை அடிக்கிற விடையை எடுத்திருக்கிறார்கள். வினாத்தாள் தயாரிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். தப்பான விடைகளைத்தான் பத்தியில் உள்ள சொற்களால் அலங்கரித்து வைப்பார். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில், அடக்கமாக, ஓரமாக இருக்கும்.

அதனால் பயிற்சியின் உயிர்நாடி இதுதான்: ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் ஒரு சாட்சி வரி வேண்டும். சாட்சி இல்லாமல் விடையைக் குறிக்கக் கூடாது. முதல் மூன்று வாரம் கடிகாரமே வேண்டாம். விடையைக் குறித்ததும் அதற்கான வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் கேள்வி எண்ணை எழுதுங்கள். கோடு போட இடம் கிடைக்கவில்லையென்றால், அந்த விடை இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

ஒரு சின்னப் பத்தியை எடுத்துச் செய்து காட்டுகிறேன். தேர்வில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே தமிழில் தருகிறேன், திருப்பம் தருகிற ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறேன்.

"இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் தேவை. பெயின்ட் இவ்விரண்டையும் அண்டவிடாமல் தடுக்கிறது. ஆனால் அந்தப் படலம் உடையாமல் இருக்கிற வரைதான். துத்தநாகப் பூச்சு வேலை செய்கிற விதம் வேறு. பூச்சில் கீறல் விழுந்த இடத்தில்கூட, இரும்பு அரிபடுவதற்கு முன் சுற்றியுள்ள துத்தநாகமே அரிபடுகிறது. ஹவெவர், வெள்ளீயம் அந்த உதவியைச் செய்வதில்லை: அதில் கீறல் விழுந்தால், அடியில் இருக்கும் இரும்பு பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது."

முதல் கேள்வி: பத்தியின் மையக் கருத்து என்ன? நான்கு விடைகள். ஒன்று, எல்லாப் பூச்சுகளும் காற்றையும் ஈரத்தையும் தடுப்பதன் மூலமே இரும்பைக் காக்கின்றன. இரண்டு, படலம் உடைந்தால் பெயின்ட்டின் பாதுகாப்பு போய்விடும். மூன்று, பூச்சுகள் இரும்பைக் காக்கும் விதம் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது. நான்கு, துத்தநாகப் பூச்சுதான் செலவு குறைந்தது.

நான்காவதை முதலில் தள்ளுங்கள். செலவைப் பற்றிப் பத்தியில் ஒரு சொல்கூட இல்லை. வெளியுலகில் அது உண்மையா பொய்யா என்பது இங்கே கணக்கில் வராது. முதல் விடை பத்தியின் முதல் இரண்டு வரிகளை மட்டும் படித்தவருக்காக விரித்த வலை. "வேலை செய்கிற விதம் வேறு" என்ற நான்காவது வரி அதை உடைத்துவிடுகிறது. அதிகம் பேர் விழுவது இரண்டாவது விடையில். அதில் பொய்யே இல்லை. பத்தியில் அப்படியே இருக்கிறது, சாட்சி வரிகூடக் காட்டலாம். ஆனால் கேட்டது மையக் கருத்து. அது ஆறு வரிகளில் ஒரு வரிக்கு மட்டும் சொந்தமான செய்தி. மையக் கருத்துக்குச் சாட்சியாக ஒரு வரி போதாது, எல்லா வரிகளும் அதன் கீழ் அடங்க வேண்டும். பெயின்ட், துத்தநாகம், வெள்ளீயம் மூன்றும் அடங்குவது மூன்றாவது விடையில்தான்.

இன்னொரு கேள்வி: பத்தியிலிருந்து எதை ஊகிக்கலாம்? "கீறல் விழுந்த துத்தநாகத் தகட்டை ஒருபோதும் சரிசெய்ய வேண்டியதில்லை" என்று ஒரு விடை. "கீறல் விழுந்தால், துத்தநாகம் பூசிய தகட்டைவிட வெள்ளீயம் பூசிய தகட்டைத்தான் விரைவில் கவனிக்க வேண்டும்" என்று இன்னொன்று. ஊகம் என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் கற்பனைக் குதிரையைத் தட்டிவிடுகிறார்கள். தேர்வில் கேட்கிற ஊகம் சாட்சி வரியிலிருந்து ஒரே ஒரு அடி. துத்தநாகம் முதலில் அரிபடுகிறது என்றால், அது தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பத்தி சொல்லவில்லை. "ஒருபோதும்" என்பது பல அடிகளைத் தாண்டிக் குதிப்பது. கடைசி இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இரண்டாவது விடை வந்துவிடுகிறது.

இந்த ஒரு பத்தியோடு கால் மணி நேரம் போகட்டும். அந்த நேரத்தில் ஐந்து பத்தி போட்டிருக்கலாமே என்று தோன்றும். ஐந்து பத்தி போட்டு, விடைத்தாளைப் பார்த்து, தப்புகளை எண்ணி, அடுத்த பக்கத்துக்குப் போவது பயிற்சி மாதிரி தெரியும். அதில் கைக்கு வருவது, அதே தப்பை வேகமாகச் செய்கிற பழக்கம்தான்.

விடைகளில் சொல்லின் பலத்தையும் எடைபோட வேண்டும். பத்தியில் "மே" அல்லது "கேன்" என்றிருக்கும், விடையில் அது "வில்" ஆகிவிடும். "நடக்கலாம்" என்று பத்தி சொன்னதை "நடக்கும்" என்று விடை சொன்னால் அது வேறு செய்தி. "ஆல்வேஸ்", "நெவர்", "ஒன்லி" வந்தால் அந்த விடை தப்பு என்று சிலர் சூத்திரமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். பத்தியே "ஒன்லி" என்று சொல்லியிருந்தால் விடையிலும் அது இருக்கத்தான் வேண்டும். பத்தியும் விடையும் ஒரே பலத்தில் பேசுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்தது வாக்கியம். தமிழில் யோசிக்கிற நமக்கு ஆங்கில வாக்கியம் எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் நடந்த வரிசையிலேயே சொல்வதுதான் வழக்கம்: "ஆவியை வெளியேற்றிவிட்டு மூடியைத் திறக்க வேண்டும்." முதலில் ஆவி, பிறகு மூடி. ஆங்கிலத்தில் "தி லிட் ஈஸ் ஓப்பன்ட் ஆஃப்டர் தி ஸ்டீம் ஈஸ் ரிலீஸ்ட்" என்று எழுதலாம். மூடி முன்னால் வந்துவிட்டது, ஆவி பின்னால் போய்விட்டது. வேகமாகப் படிக்கிற கண் மூடியைத்தான் முதல் செயலாக எடுத்துக்கொள்ளும். "எந்த வேலை முதலில் நடக்கிறது?" என்ற கேள்வியில் மதிப்பெண் போவது இப்படித்தான். "ஆஃப்டர்", "பிஃபோர்", "அன்டில்", "ஒன்ஸ்" ஆகிய நான்கில் எது வந்தாலும் வட்டம் போட்டு, இரண்டு செயல்களின் மேலும் ஒன்று, இரண்டு என்று எண் எழுதுங்கள். இரண்டு வாரம் பென்சிலால் செய்தால், பிறகு கண்ணே செய்யும்.

"அன்லெஸ்" தனியாகவே கவனிக்க வேண்டிய சொல். "தி பம்ப் மஸ்ட் நாட் பி ஸ்டார்ட்டட் அன்லெஸ் தி வால்வ் ஈஸ் ஓப்பன்." என்னிடம் படித்த நல்ல மாணவர் ஒருவர், இயற்பியலில் கெட்டிக்காரர், இந்த வாக்கியத்துக்கு "வால்வு திறந்திருந்தால் பம்ப்பை ஓட்டக் கூடாது" என்று நேர் எதிராகப் பொருள் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரியும். "அன்லெஸ்" என்பதை "இஃப்" மாதிரி எடுத்துக்கொண்டதுதான் வழுக்கல். "அன்லெஸ்" என்ற இடத்தில் "திறந்திருந்தாலொழிய" என்று வைத்துப் பார்க்கச் சொன்னேன்: "வால்வு திறந்திருந்தாலொழிய பம்ப்பை ஓட்டக் கூடாது." உடனே முகம் தெளிந்தது. "ஒழிய" என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது "இஃப்" என்ற குறுக்குப் பாலம் எதற்கு?

மூன்றாவது வழுக்கல், பெயரை விளக்குகிற தொடர். தமிழில் விளக்கம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும்: "இடிந்த பாலத்தை வடிவமைத்த பொறியாளர்." ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வந்துவிடும், விளக்கம் பின்னால் வாலாகத் தொங்கும்: "தி எஞ்சினியர் ஹூ டிசைன்ட் தி பிரிட்ஜ் தட் கொலாப்ஸ்ட் வாஸ் நாட் கன்சல்டட்." வால் முடிவதற்குள் எழுவாய் மறந்துபோய், கடைசியில் வருகிற வினைக்குப் பாலத்தையே எழுவாயாக்கிவிடுகிறோம். வழி எளியது. "ஹூ", "விச்", "தட்" வந்த இடத்தில் அடைப்புக்குறியைத் திறந்து, அந்த விளக்கம் முடிகிற இடத்தில் மூடுங்கள். அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிட்டு வெளியில் இருப்பதை மட்டும் படித்தால் "தி எஞ்சினியர் வாஸ் நாட் கன்சல்டட்", பொறியாளரைக் கலந்து பேசவில்லை. எலும்பு தெரிந்த பிறகு சதையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய துணை. தொழில்நுட்பப் பத்திகளில் நாலைந்து பெயர்ச்சொற்களை அடுக்கிவிடுவார்கள்: "கூலிங் வாட்டர் பம்ப் பேரிங் டெம்பரேச்சர்." இதில் பேசப்படுவது எது? கடைசிச் சொல், வெப்பநிலை. முன்னால் வந்தவை எல்லாம் எதன் வெப்பநிலை என்று சொல்பவை. தமிழிலும் அதே வரிசைதான்: குளிர்நீர் பம்ப் பேரிங் வெப்பநிலை. தலைச்சொல் கடைசியில். இங்கே தைரியமாக நம் காதையே நம்பலாம்.

"இட்", "திஸ்", "தே" போன்ற சுட்டுச் சொற்களுக்கும் சாட்சி வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிக்கிற பெயருக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். மிக அருகில் இருக்கிற பெயரைத்தான் குறிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; பெயரை அந்த இடத்தில் வைத்துப் படித்து, பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள். "திஸ்" பல சமயம் ஒரு பெயரை அல்ல, முந்தைய வாக்கியத்தின் செய்தி முழுவதையும் குறிக்கும்.

இப்போது சொற்கள். தெரியாத சொல் எத்தனை இருந்தால் பத்தி கையை விட்டுப் போகும்? 2000-ல் ஹூ, பால் நேஷன் இருவரும் செய்த ஆய்வில், பிறர் துணையில்லாமல் ஒரு பகுதியைப் போதிய அளவு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 300 சொல் பத்தி என்றால் ஆறு. நீங்கள் பயிற்சிக்கு எடுக்கிற பத்தியில் தெரியாத சொற்களின் கீழ் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். ஆறேழு என்றால் உங்கள் சிக்கல் சொல் அல்ல, மேலே சொன்ன சாட்சியும் வாக்கியமும்தான். இருபது, முப்பது என்றால் பத்தியின் தரத்தைக் குறைத்துக்கொண்டு, சொற்களைக் கொஞ்சம் சேர்க்கத்தான் வேண்டும்.

பட்டியல் கேட்டீர்கள். ஆயிரக்கணக்கான அரிய சொற்கள் அடங்கிய பட்டியல்களை விட்டுவிடுங்கள். ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான். கல்வி சார்ந்த எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அதிலிருந்து வருகிறது. "அனலைஸ்", "டெரைவ்", "ஃபங்ஷன்", "வேரி" போன்றவை அவை. அன்றாட ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவருக்கு உழைப்புக்கேற்ற பலன் தருகிற பட்டியல் அது. நாளுக்கு எட்டுச் சொல் எடுத்தால் பத்தரை வாரத்துக்குள் முடிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, தெரிந்த முகத்தோடு வந்து வேறு வேலை பார்க்கிற சொற்கள். தொழில்நுட்பத் தேர்வில் இவைதான் ஆளை ஏமாற்றும். "ப்ளான்ட்" செடி என்று தெரியும். பத்தியில் அது ஆலை. "கரன்ட்" என்றால் மின்சாரம் மட்டும் என்று நினைக்கிறோம். அது ஆற்று நீரோட்டமாகவும் வரும், "தற்போதைய" என்ற பொருளிலும் வரும். "ஃபட்டீக்" மனிதனுக்குக் களைப்பு. உலோகத்துக்கு, திரும்பத் திரும்பப் பளு ஏறி இறங்குவதால் விரிசல் விடுகிற நிலை. "ஸ்ட்ரெஸ்" மன அழுத்தம் அல்ல, பொருளின் பரப்பில் இத்தனை அளவுக்கு இத்தனை விசை என்கிற தகைவு. "யீல்ட்" விளைச்சல் என்றும் வரும். பளுவுக்குக் கட்டுப்பட்டு உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்குவதையும் குறிக்கும். "டை" என்றால் சாவு என்று படித்த பிள்ளைக்கு, உலோகத்தை அழுத்தி உருவம் கொடுக்கிற அச்சுக்கும் அதே பெயர் என்று யாராவது ஒரு முறை சொன்னால்தான் தெரியும். இந்த மாதிரிச் சொற்களுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று கோடு கிழிக்காமல், நீங்கள் அதைச் சந்தித்த வாக்கியத்தை முழுசாக எழுதி, அதில் அந்தச் சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். பொருளைத் தாளின் பின்புறம் எழுதுங்கள். புரட்டிப் பார்ப்பதற்கு முன் நினைவுகூர முயல வேண்டும்; அந்த முயற்சியில்தான் சொல் ஒட்டிக்கொள்கிறது.

தேர்வறையில் அகராதி கிடையாது என்பதால், தெரியாத சொல்லைப் பக்கத்துச் சொற்களைக் கொண்டு பிடிக்கவும் பழக வேண்டும். காற்புள்ளி போட்டு "ஆர்" என்று வந்தால் பெரும்பாலும் அடுத்து வருவது அதே பொருளின் எளிய பெயர். "சச் ஆஸ்" வந்தால் உதாரணங்கள் வரும். அவற்றைப் பார்த்தால் சொல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். "அன்லைக்" வந்தால் எதிர்ப்பக்கம் பொருள் காத்திருக்கிறது. துல்லியமான பொருள் தேவைப்படுவது அபூர்வம். அது நல்லதா கெட்டதா, கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்தாலே பல கேள்விகளுக்குப் போதும்.

எதைப் படிப்பது? என் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்து முடித்த இயற்பியல், வேதியியல் பாடங்களை ஆங்கிலத்தில் படியுங்கள். விஷயம் தெரியும் என்பதால் மனம் முழுவதும் மொழியின் மேல் நிற்கும். 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் ஆட்டத்தை நன்றாக அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதைச் சிறப்பாகப் புரிந்து நினைவில் வைத்தார்கள். விஷய அறிவு அவ்வளவு கைகொடுக்கும். வெப்பக் கடத்தல், மின்சுற்று, அரிமானம், நெம்புகோல் என்று பத்துப் பதினைந்து பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டால், தேர்வில் வருகிற அறிவியல் பத்தி பழகிய வீடு மாதிரி இருக்கும்.

அதே விஷய அறிவு காலை வாருவதும் உண்டு. துத்தநாகம் பற்றி உங்களுக்குப் பத்து விஷயம் தெரியும். பத்தியில் இருப்பது இரண்டு. நீங்கள் அறிந்த மூன்றாவது விஷயம் ஒரு விடையாக வந்து நின்றால் கை தானாகப் போகும். அறிவியலில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தப் பகுதியில் தடுமாறுவதை நான் அடிக்கடி பார்ப்பது இதனால்தான். அங்கேயும் மருந்து சாட்சி வரியே.

இன்னொரு நல்ல வளம் இயந்திரங்களோடும் கருவிகளோடும் வருகிற கையேடுகள். வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்காக எளிமைப்படுத்தப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம் என்று ஒரு நடையையே உருவாக்கியிருக்கிறார்கள். அதில் செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விவரிக்கிற வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது. கூடிய வரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். அந்த மாதிரி குறு வாக்கியங்களில் தொடங்கி, பிறகு அறிவியல் செய்திகளின் நீள வாக்கியங்களுக்குப் போவது கால் வலிக்காத ஏற்றம். அறிவிப்பு, எச்சரிக்கை, அட்டவணை, வரைபடம் ஆகியவற்றையும் விடாதீர்கள். வரைபடத்தில் கோட்டைப் பார்ப்பதற்கு முன் இரண்டு அச்சுகளின் பெயரையும் அலகையும் படிக்க வேண்டும். எத்தனையோ தப்பு அங்கே நடக்கிறது.

ஒரு பத்தியைப் படித்து முடித்ததும், கேள்விக்குப் போவதற்கு முன் தாளைக் கவிழ்த்துவிட்டு, அது என்ன சொன்னது என்று தமிழில் இரண்டு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதில்லை. சோதிக்கிறது புரிதலை, புரிதல் எந்த மொழியில் வெளிவந்தாலும் புரிதல்தான். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் படிக்கும்போதே சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டு போகாதீர்கள். வாக்கியம் முடிந்த பிறகு அதன் கருத்தை மட்டும் எடுங்கள்.

வேகம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்க வைப்பதாகச் சொல்லும் வகுப்புகளிலும் செயலிகளிலும் பணத்தைப் போடாதீர்கள். மார்க் ப்ரிஸ்பார்ட் 2019-ல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டதில், வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் புனைவல்லாத எழுத்தை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். கீத் ரேய்னரும் உடன் ஆய்வாளர்களும் எழுதி 2016-ல் வெளிவந்த விரிவான ஆய்வுக் கட்டுரையும், வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்றே முடிவு சொல்கிறது. உங்களுக்கு அவ்வளவு வேகமே தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 சொல் பத்தி, ஐந்து கேள்வி, எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 சொல் என்ற நிதானமான வேகத்தில் படித்தாலும் இரண்டரை நிமிடத்தில் பத்தி முடிந்துவிடும். மீதி ஐந்தரை நிமிடம், கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். நேரத்தை உண்மையில் தின்பது, ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியின் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்குவதுதான்.

அதற்கு முதல் வாசிப்பிலேயே ஓரக்குறிப்பு எழுதப் பழகுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே ஒரு சொல், தமிழிலேயே: "காரணம்", "எதிர்ப்பு", "உதாரணம்", "தீர்வு". "ஹவெவர்", "ஆல்தோ", "பட்" வந்த இடத்தில் ஒரு பெட்டி. பத்தி எங்கே திரும்புகிறதோ அங்கேதான் கேள்வி பிறக்கும். கேள்வி வந்ததும் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். கணினியில் எழுதுகிற தேர்வானால், கொடுக்கிற வெற்றுத்தாளில் இதே குறிப்புகளைப் பிரிவு எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்த முறையிலேயே வீட்டிலும் பழகுங்கள்.

கேள்விகளை முதலில் படிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கேள்விகளை மட்டும் இருபது விநாடி ஓட்டிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. விடைகளைப் பார்க்கவே கூடாது. நான்கில் மூன்று பொய். பத்தியைப் படிப்பதற்கு முன் மூன்று பொய்யை மனதில் ஏற்றிக்கொண்டால், படிக்கும்போது அவை உண்மை மாதிரி எதிரொலிக்கும். கேள்வியில் "நாட்", "எக்ஸெப்ட்" இருந்தால் மட்டும் உடனே வட்டம் போடுங்கள். அங்கே மூன்று விடைக்குச் சாட்சி இருக்கும், சாட்சி இல்லாததுதான் விடை.

மூன்று மாதத்தைப் பங்கிடச் சொன்னால், முதல் மூன்று வாரம் நாளுக்கு ஒரே பத்தி, கடிகாரம் இல்லாமல், சாட்சிக் கோட்டோடு. அதன் பிறகு நாளுக்கு இரண்டு, ஒன்று நிதானமாக, ஒன்று நேரம் வைத்து. கடைசி மாதத்தில் வாரம் இரண்டு முறை முழு ஆங்கிலப் பகுதியையும் தேர்வு நேரத்திலேயே, நடுவில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். கிடைக்கிற வரை அதே தேர்வின் பழைய வினாத்தாள்களையே பயன்படுத்துங்கள். அவற்றை முதல் மாதத்திலேயே தீர்த்துவிடாமல் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலிருந்தே ஒரு தப்பு நோட்டு வேண்டும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் நான் எடுத்த விடை, சரியான விடை, சாட்சி வரி, நான் ஏன் ஏமாந்தேன் என்று நான்கு குறிப்பு. கடைசிக் குறிப்பில் "கவனக்குறைவு" என்று எழுதத் தடை. அதில் எந்தத் தகவலும் இல்லை. "ஆஃப்டரை விட்டுவிட்டேன்", "என் அறிவியலை நம்பினேன்", "ஒரு வரியின் செய்தியை மையக் கருத்தாக்கினேன்" என்று எழுதுங்கள். இருபது பத்தி முடிந்ததும் நோட்டைப் புரட்டினால், இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அதற்கு மேல் எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நோட்டே சொல்லும்.

தேர்வறைக்கு ஒரு கணக்கு. தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லையென்றால் ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். நான்கு விடைகளில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள் என்றால், கண்ணை மூடிக் குறிப்பதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தாலும் மீதியில் குறிப்பது லாபம். கால் பங்குதான் குறைப்பார்கள் என்றால் இன்னும் சாதகம். உங்கள் தேர்வின் விதி எது என்று விண்ணப்பக் குறிப்பேட்டில் இன்றே பாருங்கள். தேர்வு நாளன்று, முதலில் எல்லாப் பத்திகளின் முதல் வரியையும் ஓட்டிப் பார்த்து, விஷயம் பழகியதாக இருக்கிற பத்தியில் தொடங்குங்கள். இரண்டு விடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஒன்றரை நிமிடம் தாண்டிவிட்டால், சாட்சி சற்றே வலுவாகத் தெரிகிற விடையைக் குறித்து, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து நகருங்கள். நேரம் மிஞ்சினால் புள்ளி வைத்தவற்றுக்கு மட்டும் திரும்புங்கள். அப்போதும், புதிதாக ஒரு சாட்சி வரி கண்ணில் பட்டால் மட்டும் விடையை மாற்றுங்கள்.